வீட்டு ஜெபக் கூட்டத்தில் இரட்சிப்பைப் பற்றி ஐந்து வார வேதபாடம் நடத்துவது எப்படி?

நெல்லைச் சீமையில் இரட்சிப்பு என்ற சொல்லைக் கேட்காத கிறிஸ்தவ வீடு கிடையாது. ஞானஸ்நானத்தில் கேட்கிறோம், அடக்க ஆராதனையில் கேட்கிறோம், கன்வென்ஷன் பந்தலில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறோம். அப்படியிருந்தும் "இரட்சிப்புன்னா என்ன?" என்று சபையில் பத்துப் பேரிடம் கேட்டால், "செத்த பிறகு மோட்சத்துக்குப் போறது" என்பதே அநேகமாக எல்லோர் பதிலும். அது பொய்யில்லை. ஆனால் வேதம் சொல்வதில் அது கடைசிப் பகுதி மட்டுமே. முதல் பகுதியையும் நடுப்பகுதியையும் கேட்காமலே பலர் அறுபது வயதைத் தாண்டிவிடுகிறார்கள்.

சபை ஊழியர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் வாலிபர் ஐக்கியத்தையும் நடத்துகிறவர்கள், வாரம் ஒரு வீட்டில் ஜெபம் வைக்கிறவர்கள் ஆகியோருக்கான குறிப்புகள் இவை. ஐந்து வாரமும் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்: வேதத்தில் தேவன் முதலில் காப்பாற்றுகிறார், கட்டளை அதற்குப் பின்னால் வருகிறது. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தெளியும். வரிசை புரண்டால், எத்தனை வசனம் மனப்பாடமாகத் தெரிந்தாலும் பயம் விடாது.

ஆயத்தம்

எட்டு முதல் பதினைந்து பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் அது பிரசங்கமாகிவிடும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரவு 7.30 மணிக்குத் தொடங்கினால், வயலிலிருந்து வந்தவர்களும் அன்றைய பீடியைச் சுற்றிக் கட்டி வைத்த பெண்களும் வந்து சேர முடியும். பாட்டு 10 நிமிடம், வாசிப்பு 10, பேச்சு 30, ஜெபம் 10. சரியாக 8.30-க்கு முடித்துவிடுங்கள். முதல் வாரம் ஒன்பதரை வரை இழுத்தால் மூன்றாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் பழக்கத்தை இந்த ஐந்து வாரத்துக்கும் விட்டுவிடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பக்கத்து ஆள் வாசித்ததைக் கேட்பதில்லை. வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அது தலைகுனிவு. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் முன்தினமே பகுதியைக் கொடுத்து, வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மற்றவர்கள் வேதாகமத்தை மூடி வைத்துக் காதால் கேட்கட்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது திறந்துகொள்ளலாம்.

எந்தப் பகுதியை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஆபத்து என்ன? காப்பாற்றுகிறவர் யார்? காப்பாற்றப்படும் முன் இவர்கள் கையில் என்ன இருந்தது? காப்பாற்றப்பட்ட பின் என்ன மாறியது? ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. அதை எந்த வாரமும் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வாரம்: சமுத்திரக் கரை

யாத்திராகமம் 14-ஆம் அதிகாரம் முழுவதும். பவுல் எழுதிய ரோமர் நிருபத்திலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும், வேண்டாம். பவுல் அடிமைத்தனம், மீட்பு, பஸ்கா என்றெல்லாம் பேசும்போது இந்தக் கதை தெரிந்தவர்களிடம்தான் பேசுகிறார். கதை தெரியாதவர் காதில் அவை வெறும் சபைச் சொற்களாகவே விழும்.

இங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது: பின்னால் பார்வோனின் பிரதானமான 600 இரதங்கள், முன்னால் கடல். ஜனங்கள் கையில் இருப்பது முறுமுறுப்பு மட்டும். "எகிப்திலே பிரேதக்குழிகள் இல்லையென்றா" எங்களைக் கூட்டிவந்தீர் என்று 11-ஆம் வசனத்தில் மோசேயைக் கேட்கிறார்கள். அதற்கு வரும் பதில் 13-ஆம் வசனம்: "பயப்படாதிருங்கள், நீங்கள் நின்றுகொண்டு இன்றைக்குக் கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்." அவர்களுக்கு வந்த கட்டளை நில், பார் என்பதுதான். விசுவாசத்தில் தேறினவர்கள் மட்டும் கடக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. முறுமுறுத்த வாயோடுதான் எல்லோரும் நடந்து போகிறார்கள்.

இப்போது 20-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன? "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." கடல் பிளந்தது 14-இல், கட்டளை வந்தது 20-இல். நடுவே ஐந்து அதிகாரங்களை விரலால் எண்ணிக் காட்டுங்கள். எகிப்தில் வைத்தே பத்துக் கட்டளையைக் கொடுத்து, "இதையெல்லாம் கைக்கொண்டால் வெளியே கொண்டுபோவேன்" என்று தேவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும்.

இந்த மண்ணின் சரித்திரத்தை இங்கே ஒரு நிமிடம் தொடலாம். 1799-இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்ற ஊரை உண்டாக்கியது, விசுவாசத்தின் பொருட்டு ஒடுக்கப்பட்டு வீடிழந்தவர்கள் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். வெளியே கொண்டுவரப்படுவதும் நிற்க ஓர் இடம் கிடைப்பதும் இரட்சிப்பில் அடங்கும் என்று பழைய நெல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரத்தில் பாடம் பாழாவது பெரும்பாலும் ஒரு விதத்தில்தான்: எகிப்து என்றால் உலகம், பார்வோன் என்றால் சாத்தான், கடல் என்றால் ஞானஸ்நானம் என்று எல்லாவற்றையும் உடனே உருவகமாக்கிவிடுவார்கள். கடலை ஞானஸ்நானத்தோடு பவுலே 1 கொரிந்தியர் 10-இல் சேர்த்துப் பேசுகிறார். அதற்கு இடம் உண்டு. ஆனால் முதலில் அது செங்கல் அறுத்த நிஜ ஜனங்களின் முதுகிலிருந்து நிஜச் சவுக்கு விலகிய கதை. அதை உணராமல் மேலே போகாதீர்கள்.

இரண்டாம் வாரம்: ஆபத்து உள்ளே இருக்கும்போது

சங்கீதம் 51, பிறகு எசேக்கியேல் 36:24 முதல் 28 வரை. சென்ற வாரம் எதிரி வெளியே நின்றான். தாவீதுக்கோ படை இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, விரட்டுகிற பார்வோன் யாருமில்லை. அவனை அழிப்பது அவன் செய்ததே. பத்சேபாளின் கதையை 2 சாமுவேல் 11-லிருந்து ஐந்து வரியில் சொல்லிவிட்டு சங்கீதத்தை வாசியுங்கள். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று 10-ஆம் வசனத்தில் கேட்கிறான். இருதயத்தைத் துடைத்துத் தந்தால் போதும் என்று அவன் நினைக்கவில்லை. புதிதாகச் சிருஷ்டிக்கச் சொல்கிறான். எசேக்கியேலில் தேவன் அதற்கே வாக்குக் கொடுக்கிறார்: கல்லான இருதயம் எடுக்கப்படும், சதையான இருதயம் கொடுக்கப்படும். இங்கேயும் அதே வரிசைதான். 26-இல் புதிய இருதயம், 27-இல்தான் கட்டளைகளின்படி நடப்பது.

நேரமிருந்தால் ஏசாயா 53:6-ஐ வாசித்து முடியுங்கள். அதற்கு விளக்கம் அதிகம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இந்த இரவில் சிலர் உடைந்து அழுவார்கள், எல்லோர் முன்னும் பாவ அறிக்கை செய்யத் தொடங்குவார்கள். அதைத் தூண்டாதீர்கள். தொடங்கினாலும் மெல்ல நிறுத்தி, "அக்கா, முடிஞ்சதும் நாம தனியா பேசுவோம்" என்று சொல்லுங்கள். ஊரில் இரவு சொன்னது காலையில் குழாயடிக்குப் போய்விடும். மன்னிப்பைத் தேடி வந்தவருக்கு அவமானம் கிடைத்தால் அவர் திரும்பி வரவே மாட்டார். கனமான காரியம் என்றால் குருவானவரிடம் தனியாக அழைத்துப் போவதே முறை.

மூன்றாம் வாரம்: வீட்டுக்குள் வரும் இரட்சிப்பு

லூக்கா 19:1 முதல் 10 வரை, அப்போஸ்தலர் 16:25 முதல் 34 வரை. சகேயுவின் கதை ஞாயிறு பள்ளிப் பாட்டாகவே எல்லோருக்கும் தெரியும் என்பதால் கவனிக்காமல் விடுவார்கள். நான்கு கேள்விகளை வைத்துப் பார்த்தால் புதிதாகத் தெரியும். இயேசு "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று சொல்வது 5-ஆம் வசனம். சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்வது 8-ஆம் வசனம். கொடுத்ததால் இயேசு வரவில்லை. வந்ததால் அவன் கொடுக்கிறான்.

அவன் கொடுக்கும் கணக்கையும் பாருங்கள். ஏமாற்றி எடுத்ததைத் திருப்பும்போது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது லேவியராகமம் 6:5. திருடின ஆட்டை அடித்தாலோ விற்றாலோ நான்கு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22:1. சகேயு குறைந்த அளவைத் தேடவில்லை. தன்னைத் திருடனாகவே கணக்கிட்டு நாலத்தனையாகத் திருப்புகிறான். வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் நிலத் தகராறு உள்ளவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மன்னிப்பு இலவசம் என்பதால் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

பிலிப்பி சிறைச்சாலைக்காரனிடம் போகும்போது, அவன் கேட்ட கேள்வியோடும் 31-ஆம் வசனத்தின் பதிலோடும் நிறுத்திவிடுவது வழக்கம். 33-ஐ வாசியுங்கள். அதே இரவில், மற்ற காரியம் எதற்கும் முன்னால், அவன் பவுல், சீலா இருவருடைய காயங்களைக் கழுவுகிறான். நள்ளிரவு, வெளிச்சம் கொண்டுவரச் சொன்னவன் அவன்தான், அந்த வெளிச்சத்தில் அடி வாங்கிய இரண்டு பேர். சற்று முன்வரை அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்திருந்ததும் அவனே. பிறகு ஞானஸ்நானம், பிறகு வீட்டில் சாப்பாடு. இரட்சிப்பு வந்த வீட்டில் முதலில் தெரிந்த அடையாளம், அடிபட்டவன் முதுகில் பட்ட தண்ணீர்.

நான்காம் வாரம்: கிருபையும் கிரியையும்

சச்சரவு வரும் வாரம் இது. அதிக ஆயத்தம் தேவை. எபேசியர் 2 முழு அதிகாரம், பிறகு யாக்கோபு 2:14 முதல் 26 வரை.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." 8-ஆம், 9-ஆம் வசனங்களைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பத்தாம் வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள், அநேகருக்கு வராது. நற்கிரியைகளைச் செய்கிறதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. கிரியைகளினால் அல்ல என்பது 9, கிரியைகளுக்காக என்பது 10. இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும்.

அப்போது ஒருவர் யாக்கோபு 2:24-ஐக் காட்டி, மனுஷன் கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று இருக்கிறதே என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே எடுத்து வையுங்கள். பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் வெவ்வேறு நாள்களிலிருந்து. பவுல் ரோமர் 4-இல் நிற்பது ஆதியாகமம் 15:6-இல்: ஆபிராம் நட்சத்திரங்களைப் பார்த்து விசுவாசித்த இரவு, பிள்ளை இல்லை, காட்ட ஒன்றுமில்லை. யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22: ஈசாக்கு பலிபீடத்தின்மேல். 15-ஆம் அதிகாரத்தின் சம்பவம் இஸ்மவேல் பிறக்கும் முன். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. 22-இல் ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் குறைந்தது பதினைந்து வருஷமாவது ஓடியிருக்கிறது. முதல் நாளில் எண்ணப்பட்ட விசுவாசம் உயிருள்ளதுதான் என்று பிந்தின நாளில் தெரிந்தது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 19-இல் சொல்வது வாயால் மட்டும் ஒத்துக்கொள்ளும் விசுவாசத்தை. இந்த வயதுக் கணக்கை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால் அரை மணி நேர வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் அடங்கும்.

இனி எபேசியர் 2-இன் பின்பாதிக்கு வருவோம். 11 முதல் 22 வரை நம் சபைகளில் வாசிக்கப்படுவதே அபூர்வம். முன்பாதியில் செத்தவன் உயிர்பெறுகிறான். பின்பாதியில் இரண்டு ஜனங்கள் ஒன்றாகிறார்கள், "பிரிவினையாகிய நடுச்சுவர்" தகர்க்கப்படுகிறது. எருசலேம் தேவாலயத்தில் அப்படி ஒரு தடுப்பு நிஜமாகவே இருந்தது. புறஜாதியான் அதைத் தாண்டினால் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் செதுக்கிய கல் 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. ஒரே சிலுவை இரண்டையும் செய்தது என்கிறார் பவுல். முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட முடியாது.

ஆகவே சாதியைப் பற்றி இங்கே பேசியே ஆக வேண்டும். பேசாமல் போனால் பாடம் பொய்யாகிவிடும். சுற்றி வளைக்காமல், யாரையும் பெயர் சொல்லாமல், ஒரே கேள்வி கேளுங்கள்: சபையாகச் சேர்ந்து சாப்பிடும் நம் அசனப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறோம்? ஒரே செம்பில் வெந்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் எல்லா இலையிலும் விழுகிறது. கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அது நிலைக்கிறதா? பதில் சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஜெபத்துக்கு நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஐந்தாம் வாரம்: இரட்சிக்கப்பட்டோம், இரட்சிக்கப்படுகிறோம், இரட்சிக்கப்படுவோம்

மூன்று வசனங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். எபேசியர் 2:8: இரட்சிக்கப்பட்டீர்கள். 1 கொரிந்தியர் 1:18: "இரட்சிக்கப்படுகிற நமக்கோ அது தேவபெலனாயிருக்கிறது." ரோமர் 5:9: இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயம். மூன்றையும் எழுதியவர் ஒருவரே.

2023 டிசம்பர் வெள்ளத்தை வைத்து இதை விளக்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது மொட்டை மாடியிலிருந்து படகில் ஏற்றப்பட்டவர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருக்கலாம். படகில் கை பிடித்து ஏற்றிய நொடியில் அவர் காப்பாற்றப்பட்டுவிட்டார். தண்ணீர்மேல் போகும்போது காப்பாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறார். மேட்டில் இறங்கும்போதுதான் முழுவதுமாகக் காப்பாற்றப்படுகிறார். படகில் இருப்பவருக்கு நிச்சயமும் உண்டு, இன்னும் போக வேண்டிய தூரமும் உண்டு. இந்த ஒப்புமை ஓர் இடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள்: படகில் ஏறியவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பிலிப்பியர் 2:12-உம் 13-உம் பிரயாசப்படச் சொல்கின்றன. விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன் என்றும் சொல்கின்றன.

ரோமர் 8:23-ஐ விட்டுவிடாதீர்கள். நம்முடைய சரீரத்தின் மீட்புக்குக் காத்திருக்கிறோம் என்கிறது அது. அதற்கு முந்தின வசனங்களில் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது. ஆத்துமா மட்டும் பறந்துபோவதை வேதம் முடிவாகக் காட்டவில்லை. உயிர்த்தெழுந்த சரீரத்தையும் புதிய பூமியையும் காட்டுகிறது.

நடுவில் வரும் கேள்விகள்

"நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" வேறு கூட்டங்களுக்குப் போய்வந்த யாராவது இதைக் கேட்டு, தொட்டிலிலிருந்தே ஜெபத்தில் வளர்ந்த ஒரு பாட்டியைக் கலங்கடித்துவிடுவார்கள். பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒரு நாள் இருந்தது. தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவன் என்று 2 தீமோத்தேயு 3:15 சொல்கிறது, தேதி சொல்லவில்லை. இன்று யாரை நம்பியிருக்கிறீர்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதன் மறுபக்கமும் உண்டு: "நாங்க அஞ்சு தலைமுறைக் கிறிஸ்தவங்க" என்று நிமிர்ந்து உட்காருகிறவருக்கு மத்தேயு 3:9-ஐ வாசித்துக் காட்டுங்கள்.

வியாதி. யாக்கோபு 5:15-ஐக் காட்டி, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார், 2 தீமோத்தேயு 4:20. முள் என்று பவுல் சொன்ன அவருடைய சரீரத் துன்பமும் நீங்கவில்லை. சர்க்கரைக்கோ வலிப்புக்கோ மருந்தை நிறுத்தியவர் கூட்டத்தில் இருந்தால், அன்றைக்கே, பாடத்தை நிறுத்திவிட்டாவது, மருந்தைத் தொடரச் சொல்லுங்கள்.

"அண்ணாச்சி, எங்க தாத்தா இயேசுவை அறியாமலே செத்தாரு. நரகத்துலயா இருப்பாரு?" இதைக் கேட்பவர் துக்கத்தில் கேட்கிறார். இயேசுவினால் அன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்கிற அப்போஸ்தலர் 4:12-ஐ மறைக்க வேண்டாம். தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். ஆபிரகாம் கேட்டது இருக்கிறது, ஆதியாகமம் 18:25: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ." அந்த நாற்காலியில் நாம் உட்காரக் கூடாது.

கிறிஸ்து கொடுத்த மீட்பின் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று வாலிபர்கள் கேட்பார்கள். ரோமர் 3:24, 25-இல் பவுல் நீதிமன்றம், அடிமைச் சந்தை, தேவாலயப் பலி ஆகிய மூன்றையும் ஒன்றாக வைக்கிறார். ஒவ்வொன்றும் ஒன்றைக் காட்டுகிறது. எதையும் அது காட்டாத தூரத்துக்கு இழுக்கக் கூடாது. விலை எவ்வளவு பெரியது என்று வேதம் சொல்கிறது. பெற்றுக்கொண்டவர் யார் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் முடிந்ததும் கைதூக்கச் சொல்லாதீர்கள், பெயர் எழுதவும் சொல்லாதீர்கள். பேச விரும்புகிறவர்கள் தாங்களாகவே வாசலில் பின்தங்குவார்கள். அவர்களுக்காக அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ பெற விரும்புகிறவர்களைக் குருவானவரிடம் அனுப்புங்கள். மற்றவர்களோடு ஆறாம் வாரம் ரோமர் 8-ஐத் தொடங்குங்கள், வாரத்துக்குப் பத்து வசனம் வீதம்.